கடல்நுரைச் சுங்கானும் நான் எழுதிய பொய்யும்

1978 ஆம் ஆண்டு, கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையின் ஞாயிறு பதிப்பிலே சுங்கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அரைப்பக்கக் கட்டுரை. படத்துடன் வெளிவந்தது. அக்கட்டுரையின் முதற்பந்தி முழுவதும் பொய். எழுதியபொழுது அது பொய்யென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டபொழுது திருத்தம் வெளியிடுவதற்கு அந்தப் பத்திரிகை இருக்கவில்லை. ஆகவே அத்திருத்தத்தை இங்கே எழுதுகின்றேன்.

எங்கள் ஆசிரிய பீடத்தில் மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் இருந்தார். முன்னர் பாடசாலையொன்றில் படிப்பித்தவர் என்பதால் எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைப்போம். யாழ்ப்பாணத்தார் பலரும் சுருட்டோடு வாழ்ந்த காலத்தில் அவர் சுங்கானோடு வாழ்ந்தவர். அவரிடம் ஐந்து சுங்கான்கள் இருந்தன. நான்கு மரத்தாலானவை, வெள்ளவத்தையில் அவரது வீட்டு அலுமாரியில் இருந்தன. ஐந்தாவது வெள்ளை நிறமானது. தலைப்பாகையும் தாடியுமாக ஒரு துருக்கியரின் முகம் அதிலே செதுக்கப்பட்டிருந்தது. இலண்டனில் படித்த அவருடைய தம்பி அங்கு ஒரு பழைய பொருட்கடையில் வாங்கி அனுப்பியது. வெள்ளைச் சுங்கான் வீட்டில் இருந்தால் மனைவியின் கண்ணில் அடிக்கடி படும் என்று அதை மட்டும் அலுவலக மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார்.

மாலைப் பதிப்பு அச்சுக்குப் போனபின்னர் லாச்சியைத் திறந்து, ஒரு பழைய கைலேஞ்சியால் அதைப் பிடித்துக்கொண்டு புகைப்பார். வெறுங்கையால் தொட்டால் கறை படியுமாம். அந்தச் சுங்கான் காலப்போக்கில் தேன் நிறமாகும், பின்னர் செம்பழுப்பாகும் என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டிருக்கின்றோம். ஆனால் அது ஆகவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் புகைத்தும் அடிப்பாகத்தில் திட்டுத் திட்டாக அழுக்கு மஞ்சள் மாத்திரமே ஏறியிருந்தது.

"தம்பி, இது இந்த ஊர்க் காத்துக்கு நிறம் மாறாது. உப்புக் காத்து. ஐரோப்பாவிலை எண்டால் இவ்வளவுக்குப் பொன் மாதிரி வந்திருக்கும்" என்பார்.

இந்தக் காற்றுக் கதையைப் பின்னர் மீண்டும் பார்ப்போம்.

அவருடைய சுங்கானைப் பார்த்துத்தான் எனக்கு அக்கட்டுரை எழுதும் எண்ணம் வந்தது. மாஸ்டர் தன்னிடமிருந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றைத் தந்தார். அதிலிருந்த கதை இதுதான்: 1723 ஆம் ஆண்டு, ஹங்கேரியைச் சேர்ந்த அன்ட்ராசிப் பிரபு அரச அலுவலாகத் துருக்கி சென்றிருந்தபொழுது, விந்தையான ஒரு வெள்ளைக் கல்லை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். தண்ணீரிலே மிதக்கும் அளவுக்கு இலேசான கல். அதை அவர் பெஸ்ட் நகரில் கோவாச் கரோய் என்னும் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்தார். அவர் செதுக்குவதிலும் கைதேர்ந்தவர். கல் புகையிலைச் சாரத்தை உறிஞ்சும் என்று கண்ட கோவாச் இரண்டு சுங்கான்களைச் செய்து, ஒன்றைப் பிரபுவிடம் கொடுத்து மற்றதைத் தனக்கு வைத்துக்கொண்டார். தொழில் செய்யும்பொழுது கையில் ஒட்டியிருந்த மெழுகு அவருடைய சுங்கானிற் பட்டது. பட்ட இடமெல்லாம் அழகிய பொன்னிறமாயின. உடனே முழுச் சுங்கானையும் மெழுகிலே தோய்த்தெடுத்தார். இவ்வாறு பிறந்ததாம் உலகின் முதலாவது கடல்நுரைச் சுங்கான்.

பத்திரிகைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு பிரபு, ஓர் ஏழைத் தொழிலாளி, ஒரு தற்செயல், ஓர் ஆண்டு எண். நான் அதை அப்படியே தமிழாக்கிக் கொடுத்தேன். ஆசிரியர் ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

சுங்கான் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் பின்னாளில் இக்கதைக்கு ஆதாரம் தேடினார்கள். 1723 இல் அப்படியொன்று நடந்தது என்பதற்கு அக்காலத்து எழுத்துச் சான்று எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்று அது கட்டுக்கதை என்றே கொள்ளப்படுகின்றது. கதையிலுள்ள பிரபுவின் பெயரையும் கவனிக்க வேண்டும். அன்ட்ராசி என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு நினைவு வருபவர், 1871 முதல் 1879 வரை ஒஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் வெளிநாட்டமைச்சராக இருந்த ஜூலா அன்ட்ராசி. அவர் பிறந்தது 1823 இல். கதை சொல்லும் ஆண்டுக்குச் சரியாக நூறு வருடங்கள் பின்னர். எந்த அன்ட்ராசி என்று கேட்க வேண்டும் என்ற எண்ணம்கூட 1978 இல் எனக்கு எழவில்லை.

இக்கல்லுக்குக் கட்டுக்கதைகள் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு போலும். பிரெஞ்சு மொழியில் இதனை 'எக்கூம் து மேர்' என்பர். கடல்நுரை என்பதே பொருள். ஆனால் கும்மர் என்ற ஒருவர்தான் இச்சுங்கானை முதலிற் செய்தார் என்றும், அவர் பெயரே மருவிக் கடல்நுரை ஆயிற்று என்றும் பிரான்சில் ஒரு கதை உண்டு. இங்கிலாந்திலோ வேறொரு கதை. சுங்கான் ஒருமுறையும் குளிராமற் புகைத்தால்தான் நிறம் சீராக ஏறும் என்று நம்பிய செல்வர் ஒருவர், படைவீரர்களை முறைவைத்து இரவு பகலாக ஏழு மாதங்கள் புகைக்கச் செய்தாராம். சுங்கான் அற்புதமாக நிறம் மாறியதாம். புகையிலைச் செலவுச் சிட்டையைக் கண்டு செல்வரின் நிறமும் மாறியிருக்கும் என்பது என் ஊகம்.

சேர்லொக் ஹோம்ஸ் கதையும் இவ்வகையைச் சேர்ந்ததே. வளைந்த சுரைக்குடுவையில் வெள்ளைக் கடல்நுரைக் கிண்ணம் பொருத்திய பெரிய சுங்கான் இல்லாமல் அந்தத் துப்பறிவாளரை எவராலும் கற்பனை செய்ய இயலாது. கொனன் டொய்லின் கதைகளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்தாலும் அத்தகைய சுங்கானைக் காணமுடியாது. களிமண் சுங்கானும் மரச் சுங்கான்களுமே அங்கு உண்டு. 1899 இல் ஹோம்ஸாக மேடையேறிய அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெற் வளைந்த சுங்கானை வாயில் வைத்தார், அதுவும் மரத்தாலானது. சுரைக்குடுவைச் சுங்கான் தென்னாபிரிக்காவிலிருந்து வந்து, போவர் யுத்தத்தின் பின்னரே இங்கிலாந்தில் பரவலாயிற்று. அதை ஹோம்ஸின் கையிற் கொடுத்தவர்கள் பிற்கால நடிகர்களும் படம் வரைந்தவர்களும்.

கட்டுக்கதைகள் போகட்டும். கல்லுக்கு வருவோம்.

'மீர்ஷௌம்' என்பது ஜேர்மன் சொல். இதற்கும் கடல்நுரை என்பதே பொருள். ஆனால் கடலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மண்ணுக்கடியில் கிடைக்கும் மக்னீசியம் சிலிக்கேற் கனிமம் இது. 1847 இல் குளொக்கர் என்ற ஜேர்மன் அறிஞர் இதற்கு 'செப்பியோலைற்' எனப் பெயரிட்டார். கணவாயின் ஓட்டைப்போல வெண்மையாகவும் நுண்துளைகளோடும் இலேசாகவும் இருந்தமையால், கணவாயைக் குறிக்கும் 'செப்பியா' என்ற சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தார். இங்கேதான் எனக்கு வியப்பு. எங்களூர்ச் சித்த வைத்தியர்கள் கணவாய் ஓட்டுக்குக் காலங்காலமாக வழங்கிவரும் பெயர் என்ன? கடல்நுரை! ஜேர்மன் வணிகர்கள் கல்லைக் கடல்நுரை என்றார்கள். ஜேர்மன் அறிஞர் அதைக் கணவாய் ஓடு என்றார். கணவாய் ஓட்டை எங்கள் பரிகாரிமார் கடல்நுரை என்றார்கள். 1978 கட்டுரையில் இதை எழுதியிருந்தால் அதில் ஒரு பந்தியாவது உண்மையாக இருந்திருக்கும்.

சுங்கானுக்கு ஏற்ற தரமான கல் கட்டிகட்டியாகக் கிடைப்பது பிரதானமாகத் துருக்கியின் எஸ்கிசெஹிர் மாகாணத்தில்தான். அங்காராவுக்கும் இஸ்தான்புலுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலம். அங்குள்ளவர்கள் இதனை 'லூலே தாஷி' என்பர். லூலே என்றால் புகையிலை இடும் கிண்ணம், தாஷ் என்றால் கல். 'வெள்ளைத் தங்கம்' என்ற பெயரும் உண்டு. நகரைச் சுற்றியுள்ள செப்பெற்சி முதலான கிராமங்களில் நிலத்தை நேர்கீழாகக் குடைந்து, பின்னர் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டிச் செல்வார்கள். அக்குழிகளை அவர்கள் கிணறு என்றே அழைக்கின்றனர். கல்லுடைத்துக் கிணறு வெட்டிய பரம்பரையில் வந்த எனக்கு அந்தச் சொல் உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் ஆழத்தில் ஒப்பிட முடியாது. சில கிணறுகள் நூறு மீற்றரையும் தாண்டும். எங்கள் மனிதர்கள் தண்ணீரைத் தேடிக் குடைந்தார்கள். அவர்களுக்கோ தண்ணீர்தான் எதிரி.

வெளியே எடுக்கும்பொழுது கல் ஈரமாக இருக்கும். உருளைக்கிழங்குபோல ஒழுங்கற்ற வடிவம், சவர்க்காரம்போல மென்மை. கத்தியால் சீவலாம். சுரண்டித் துப்புரவாக்கி, ஈரமிருக்கும்போதே செதுக்கி, குடைந்து, உலர்த்தி, மினுக்கி, உருகிய தேன்மெழுகில் இட்டெடுப்பார்கள். உலர்ந்த கல் நீரில் மிதக்கும். அதன் உள்ளமைப்பு எண்ணற்ற நுண்துளைகளைக் கொண்டது. புகையின் ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் அது உறிஞ்சிக்கொள்கின்றது. வெப்பத்தில் மெழுகும் இந்தப் பசையும் கலந்து மெல்ல மெல்ல வெளிமேற்பரப்புக்கு வருவதாலேயே நிறம் மாறுகின்றது. புகைப்பவருக்கு உலர்ந்த, கசப்புக் குறைந்த புகை கிடைக்கும். மரச் சுங்கானைப்போலப் பழக்கி எடுக்கவும் வேண்டியதில்லை. இதே கனிமத்தின் தரங்குறைந்த வகை ஸ்பெயினில் பெருமளவு தோண்டப்படுகின்றது. மட்ரிட்டுக்கு அருகே வயேகாசிற் கிடைத்ததைக் கொண்டு ஒருகாலத்தில் அரச பீங்கான் தொழிற்சாலையில் பாத்திரம் வார்த்தார்கள். இன்று அவ்வகைக் கல் பூனைகள் மலசலங் கழிக்கும் தட்டில் கொட்டும் துகளாக விற்பனையாகின்றது. உறிஞ்சும் குணம் ஒன்றே, உறிஞ்சப்படுவதுதான் வேறு.

நான் சொல்ல வந்த பொய்யின் மறுபக்கம் இனித்தான் வருகின்றது. அன்ட்ராசிக் கதையைப் பிழையென்று தள்ளிவிட்டால் மட்டும் போதாது. அக்கதையில் யார் இல்லை என்று பார்க்க வேண்டும். கல்லைத் தோண்டியவன் இல்லை. 'துருக்கியில் ஒரு கல்லைப் பரிசாகக் கொடுத்தார்கள்' என்ற ஒரு வரியோடு அவன் கிணற்றுக்குள் மறைந்துவிடுகின்றான். அதன்பின் வருபவர்கள் எல்லோரும் ஐரோப்பியர்.

வணிகமும் அப்படியே நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி எஸ்கிசெஹிர்க் கல் பெட்டிபெட்டியாக மேற்கே சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவே கடல்நுரைச் சுங்கானின் தலைநகரம். கல் தரம் பிரிக்கப்பட்டு வியன்னாவிலும் லைப்சிக் சந்தையிலும் கைமாறியது. வியன்னாவின் செதுக்குநர்கள் செய்தவை சாதாரணப் பொருட்கள் அல்ல. வேட்டைக் காட்சிகள், கிரேக்கத் தெய்வங்கள், சீமாட்டிகளின் முகங்கள், பால்டிக் கடற்கரையின் அம்பரினால் ஆன வாய்ப்பகுதி, வெள்ளிப் பூண்கள், அளவாகச் செய்த தோற்பெட்டி. 1873 இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியில் இவை வைக்கப்பட்டிருந்தன. இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவதும் பெரும்பாலும் அக்காலத்துச் சுங்கான்களைத்தான். அந்தக் கைவேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆயினும் அவ்வளவும் நடந்துகொண்டிருந்தபொழுது எஸ்கிசெஹிர் கல்லை மட்டுமே விற்றது. 1892 இல் ஜேர்மன் முதலீட்டுடன் அமைந்த அனத்தோலிய இரும்புப்பாதை அந்நகரை அடைந்ததும் கல் இன்னும் விரைவாக வெளியேறியது. அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்திலே எங்கள் புகையிலை திருவிதாங்கூருக்குத் தோணியேறியது. விளைவித்தவன் தோட்டத்திலேயே நின்றான். ஆனால் எங்களவர் பின்னர் சுருட்டாகச் சுற்றித் தென்னிலங்கைக் கிராமங்கள்வரை கடைபோட்டார்கள். எஸ்கிசெஹிர் அந்தப் படியை ஏற நீண்டகாலம் எடுத்தது.

செதுக்கும்பொழுது கல்லின் பெரும்பகுதி தூளாகவும் துண்டாகவும் வீணாகிப் போகும். விலையுயர்ந்த கல்லை வீசுவதற்கு மனம் வருமா? தூளை அரைத்து, பிணைத்து, அச்சில் அழுத்திக் கட்டியாக்கி அதிலும் சுங்கான் செய்தார்கள். வியன்னாவிலும், ஜேர்மனியின் தூரிங்கியாக் காட்டுப்பகுதியிலுள்ள ரூலா என்ற சிற்றூரிலும் இத்தொழில் பெருகியது. ரூலா சுங்கானையே நம்பி வாழ்ந்த ஊர். சுங்கானுக்கு மூடியும் பூணும் செய்த உலோக வேலைப் பட்டறைகள் பின்னர் மணிக்கூடு செய்யத் தொடங்கின. அச்சுக்கல் பார்வைக்கு அசலைப்போலவே இருக்கும். ஆனால் நுண்துளைகள் அடைபட்டுப் போவதால் அசலைப்போல உறிஞ்சாது. சீராக நிறமும் மாறாது.

வியன்னாவை வீழ்த்தியது கல் அல்ல, வேர். பிரான்சின் சான் குளோட் ஊரார் மத்தியதரைக் கடற்கரைப் புதர்ச்செடி ஒன்றின் வேர்க்கட்டையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சுங்கான் செய்யத் தொடங்கினர். 'பிரையர்' எனப்படும் அது மலிவானது, விழுந்தால் உடையாது, சட்டைப்பையில் போடலாம். பின்னர் 1880களில் சிகரெட் சுற்றும் இயந்திரம் வந்தது. இரண்டு உலக யுத்தங்களும் மீதியை முடித்தன. 1950களில் தங்கனீக்காவில், கென்ய எல்லையை ஒட்டிய அம்போசெலிப் பகுதியில் தோண்டிய கல்லிலும் சுங்கான் செய்தார்கள். யானைச் சின்னம் பொறித்த 'கிக்கோ' சுங்கான்கள் அவை. கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த எம்மவர் சிலரின் வீடுகளில் இன்னும் இருக்கக்கூடும்.

துருக்கியில் இருபதாம் நூற்றாண்டிலேதான் உள்ளூர்ச் செதுக்குநர்கள் தலைமுறையாக உருவாகினர். முன்னோடி ஆசான்களில் ஒருவராகச் சொல்லப்படுபவர் அலி ஒஸ்மான் தெனிஸ்கோப்புயூ. 1934 இல் துருக்கியர் அனைவரும் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. 'தெனிஸ்கோப்புயூ' என்றால் துருக்கி மொழியில் கடல்நுரை. 1970களில் செதுக்காத கல்லை ஏற்றுமதி செய்வதைத் துருக்கி தடைசெய்தது. கிணறு இருக்கும் ஊரிலேயே உளியும் இருக்க வேண்டும் என்பது நோக்கம். நான் கட்டுரை எழுதிய 1978 இல் உண்மையான செய்தி இதுதான். நானோ 1723 ஐ எழுதிக்கொண்டிருந்தேன்.

1983 ஆடியில் வெள்ளவத்தையில் மாஸ்டரின் வீடு எரிந்தது. புத்தகங்கள் எரிந்தன, நான்கு மரச் சுங்கான்களும் எரிந்தன. அகதிமுகாமில் அவரைச் சந்தித்தபொழுது, லாச்சிக்குள் இருந்த வெள்ளைச் சுங்கானை எடுத்துச் சென்று கொடுத்தேன். வாங்கவில்லை. "இதையும் கொண்டுபோய் எங்கை வைக்கிறது? நீ வைச்சிரு" என்றார். கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றவர் திரும்பிக் கொழும்புக்கு வரவில்லை. நான்கு ஆண்டுகளின் பின்னர் யாழ்ப்பாணத்தில் காலமானார். சுவாசப்பை நோய். சுங்கானுக்கும் அதிற் பங்கு இருந்திருக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. கடல்நுரை எவ்வளவு உறிஞ்சினாலும் புகை புகைதான்.

2012 இல், ஜேர்மனியில் வாழும் மகளோடு துருக்கி சென்றபொழுது, அந்தச் சுங்கானையும் பயணப்பையில் வைத்துக்கொண்டேன். எஸ்கிசெஹிரின் பழைய பகுதியான ஒதுன்பசாரியில் குர்சுன்லு பள்ளிவாசல் வளாகத்துக்குள் கடல்நுரைக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கின்றது. அருகே செதுக்குநர்களின் சிறு கடைகள். அவற்றுள் ஒன்றில் வயதான ஒருவர் வெள்ளைத் தூள் படிந்த மடியோடு அமர்ந்திருந்தார். மகள் ஜேர்மன் மொழியிற் பேசினாள். அவர் இளமையில் ஜேர்மனியில் வேலை செய்தவராம்.

சுங்கானை உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோய் விளிம்பைப் பார்த்தார். அடியிலிருந்த மஞ்சள் திட்டுக்களைப் பெருவிரலால் தடவினார். அரை நிமிடம் ஆகியிருக்காது. பின்னர் மகளிடம் ஒரு சொல் சொன்னார். மகள் என்னைப் பார்த்தாள், சொல்லத் தயங்கினாள்.

அச்சுக்கல்.

ஆகவே கொழும்பின் உப்புக் காற்று ஒரு குற்றமும் செய்யவில்லை. எந்த நாட்டில் எத்தனை ஆண்டுகள் புகைத்தாலும் அது பொன்னிறமாகியிருக்காது. மாஸ்டர் இருபத்தைந்து ஆண்டுகள் கைலேஞ்சி சுற்றிப் பிடித்தது யாரோ வீசாமற் சேர்த்த தூளை.

அம்முதியவர் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ தெரியாது. சுங்கானின் வாய்ப்பகுதி தளர்ந்திருந்ததைக் கழற்றித் துடைத்து, சிறிது மெழுகு தடவி, இறுக்கித் தந்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். கல் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்படி மகளிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு கையால் தரையைக் காட்டினார். தூள் எந்தப் பட்டறையினதாயினும் இந்த ஊர்க் கிணறுகளில் ஒன்றிலிருந்துதான் அது வந்திருக்கும் என்று அவர் சொன்னதாக மகள் மொழிபெயர்த்தாள்.

1978 கட்டுரையின் நறுக்கு இன்னும் என்னிடம் இருக்கின்றது. திரும்பி வந்ததும் அதன் முதற்பந்தியின்மேல் பேனையால் ஒரு கோடு கீறி, ஓரத்தில் 'எஸ்கிசெஹிர்' என்று எழுதிச் சுங்கானோடு சேர்த்து லாச்சிக்குள் வைத்தேன்.